முகம் காட்டாத தாய்மை

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். பெண் பார்க்கச் சென்ற வீட்டிலும், கடன் கேட்டு வந்தவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போதும், நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போதும் நாம் முதலில் முகத்தைத்தான் வாசிக்கிறோம். அவ்வாசிப்புப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பொய்த்திருந்தால் அம்மொழி இத்தனை தலைமுறைகளைத் தாண்டி வந்திராது. ஆயினும், பலரிடத்தில் மெய்யாகும் ஒன்று சிலரிடத்தில் ஏறத்தாழ எப்போதுமே பொய்யாகுமானால், அந்தச் சிலருக்கு நாம் வழங்குவது நீதிதானா என்ற கேள்வி எழுகிறது. அந்தச் சிலர் பிள்ளை பெற்ற தாய்மாராகவும், வாசிப்பவர் அத்தாயிடம் குழந்தையை விட்டுவைக்கலாமா என்று தீர்மானிப்பதில் பங்குடையவராகவும் இருந்துவிட்டால், அக்கேள்வி வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடுவதில்லை.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். இங்கிலாந்து நாட்டின் ஏதோ ஒரு நகரத்தில் வாழ்பவள் அவள். அவள் நம் கற்பனைதான். ஆயினும் அவளுக்கு நேர்ந்தனவாக நாம் சொல்லப்போகின்றவை, அவளையொத்த தாய்மார் அந்நாட்டு ஆய்வாளர்களிடம் சொல்லியவற்றின் வகையைச் சேர்ந்தவையே. பிரசவ வலி கண்டு அவள் மருத்துவமனைக்குச் செல்கிறாள். கத்தவில்லை, கதறவில்லை. சுவரை நோக்கியபடி வாய்க்குள் எண்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு அமைதியாக இருப்பவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மருத்துவச்சி முடிவு செய்கிறார். உண்மையில் நேரம் இல்லை. தனக்கு வலி கடுமையாக இருப்பதை அவள் சொல்லத்தான் செய்தாள். சொன்ன குரலில் வலி இல்லையாம். ஆகவே சொல்லை நம்பவில்லை.

பிள்ளை பிறக்கிறது. மார்பில் கிடத்துகின்றனர். அவள் முகம் மலரவில்லை. கண்ணைக் குத்தும் விளக்கொளி, கருவிகளின் கீச்சொலி, மருந்தின் நெடி, கேட்காமலே வந்து தொடும் கைகள் ஆகிய இவற்றைத் தாங்கிக்கொள்வதிலேயே அவளிடம் எஞ்சியிருந்த வலுவெல்லாம் செலவாகிவிட்டது. ஏட்டில் ஒரு வரி ஏறுகிறது: தாய்க்குக் குழந்தையின்மீது ஒட்டுதல் குறைவாகக் காணப்படுகிறது. அதன்பின் அவள் எந்த அறைக்குச் சென்றாலும் அந்த வரி அவளுக்கு முன்னே நடந்துசென்று அமர்ந்துகொள்கிறது.

அவள் ஆட்டிசம் உடையவள். அது அவளுக்கே தெரியாதிருந்திருக்கவும் கூடும்.

ஆட்டிசம் என்பதை நம் பத்திரிகைகள் மதியிறுக்கம் என்று எழுதுகின்றன. இச்சொல்லை ஆக்கியவரின் தமிழார்வத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் மதி இறுகிவிட்டது என்று எவர் திறந்து பார்த்தார்? பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு சான்று. ஆகவே இங்கு வேற்றுமொழிச் சொல்லையே ஆள்கிறோம். அது தொற்றும் நோயன்று. பிறவியிலேயே அமைந்த ஒரு மனப்பாங்கு. ஒலி, ஒளி, மணம், தொடுகை முதலியன சிலருக்கு அளவுக்கு மீறி உறைக்கின்றன. சிலருக்கு உறைப்பதே இல்லை. பேச்சில் சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டவாறே கொள்கிறார்கள்; குறிப்பாலும் கண்சாடையாலும் உணர்த்தப்படுவதை ஊகித்தறிவது அவர்களுக்குக் கடினம். முன்னறிவிப்பின்றி நேரும் மாற்றம் அவர்களை நிலைகுலையச் செய்கிறது. தமக்குள் எழும் உணர்ச்சிக்குப் பெயர் சூட்ட இயலாமையும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படுகிறது. உணர்ச்சி இல்லாமையும் உணர்ச்சிக்குப் பெயர் தெரியாமையும் ஒன்றல்ல என்பதை வாசகர்கள் இங்கேயே மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நாம் சொல்லவிருப்பதெல்லாம் இந்த வேறுபாட்டைச் சுற்றியே வரும்.

இதன் வரலாற்றில் ஒரு கசப்பான முரண் உண்டு. அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-இல் இத்தன்மையுடைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். குழந்தைகளைப் பற்றி எழுதவந்தவர், அவர்களின் பெற்றோருள் உள்ளன்பு மிக்கவர் மிகச் சிலரே என்றும் சேர்த்து எழுதிவிட்டார். சிறு பொறிதான், ஆனால் பற்றிக்கொண்டது. தாயின் குளிர்ந்த நெஞ்சமே குழந்தையை இவ்வாறு ஆக்கிற்று என்ற கொள்கை வளர்ந்தது. அத்தகைய தாய்மாரைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிடும் சொல்லொன்றும் வழக்கில் வந்தது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 'வெறுங்கோட்டை' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதி, அக்கொள்கையை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1964-இல், ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளவியலறிஞர் அக்கொள்கைக்கு ஆதாரமில்லை என்று எழுதியிருந்தும், பழியின் ஓட்டத்தை அது உடனே நிறுத்திவிடவில்லை. 1969-இல் பெற்றோர் கூட்டமொன்றில் எழுந்து நின்று, உங்கள்மீது குற்றமில்லை என்று கானரே வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. அதற்குள் எத்தனை தாய்மார் தம் பிள்ளையைத் தாமே கெடுத்துவிட்டதாக எண்ணி அழுது தீர்த்தனரோ!

இந்த இயல்பு குடும்பவழி வருவது என்பது இன்று தெரிந்த உண்மை. அவ்வாறாயின், அன்று 'குளிர்ந்தவர்' எனக் குறிக்கப்பட்ட தாய்மாருள் சிலர், பெயர் தெரியாமலே அதே இயல்பைச் சுமந்தவர்களாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. அன்று பிள்ளையின் நிலைக்குத் தாயின் முகத்தைப் பழித்தார்கள். இன்று, அப்பிள்ளையே வளர்ந்து தாயாகும்போது, அவள் முகத்தைப் பழிக்கிறார்கள். பழி மாறவில்லை; அதைச் சுமக்கும் தோள்தான் மாறியிருக்கிறது.

பெண்களிடம் இவ்வியல்பு காணப்படாமல் போனதற்குக் காரணம் ஒன்றல்ல. முதலில் எழுதப்பட்ட அடையாளங்கள் ஆண்பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. மேலும், பெண்பிள்ளையை நாம் வளர்க்கும் முறையே வேறு. வந்தவரைப் பார்த்துச் சிரி, பெரியவர் பேசினால் முகம் பார், தலையை ஆட்டு, உரக்கப் பேசாதே என்று பயிற்றுவிக்கிறோம். ஆட்டிசம் உடைய சிறுமி அவ்வளவையும் பாடமாகக் கற்றுக்கொள்கிறாள். பிறர் இயல்பாகச் செய்வதை அவள் மனக்கணக்காகச் செய்கிறாள்: இத்தனை நொடி கண்ணைப் பார், இப்போது சிரி, இப்போது 'அப்படியா' என்று சொல். மறைத்தல் என்று இதற்கு ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். நாள்முழுதும் வேற்றுமொழியில் பேசி வீடு திரும்புகிறவனின் களைப்பு, அவளுக்கு ஒவ்வொரு மாலையும் உண்டு. தன் குழந்தையைச் சோதித்த மருத்துவர் கேட்ட கேள்விகளைக் கேட்டபோதுதான், இவையெல்லாம் என் கதையல்லவா என்று முப்பது நாற்பது வயதில் திடுக்கிட்டு உணர்ந்த தாய்மார் ஏராளம். உணர்ந்தபின்னும் சான்று கிடைப்பது எளிதன்று. இங்கிலாந்தில் ஆட்டிசப் பரிசோதனைக்காகக் காத்திருப்போர் தொகை 2025-இல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கருவோ பத்துமாதத்திற்குமேல் காத்திருப்பதில்லை.

மகப்பேற்றை ஒட்டி மனம் நோகும் தாய்மாருக்கு அந்நாட்டில் உள்ள ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. தாயைச் சேயினின்றும் பிரிக்காமல் இருவரையும் ஒன்றாகவே மருத்துவமனையில் சேர்க்கும் முறைக்கு, 1948-இல் லண்டன் காஸல் மருத்துவமனையில் தாமஸ் மெயின் என்பார் ஒரு தாயைக் குழந்தையுடன் சேர்த்துக்கொண்டதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று தாய்-சேய்ப் பிரிவுகள் அங்கு பல ஊர்களில் உள்ளன. நம் நாட்டிலும் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009-இல் இத்தகைய பிரிவொன்று திறக்கப்பட்டது. பேற்றுக்குப் பின் ஓராண்டு வரை அளிக்கப்பட்ட மனநலப் பராமரிப்பை இரண்டாண்டு வரை நீட்டிக்க 2019-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத்துறை திட்டம் வகுத்தது. வீடு தேடிவரும் சுகாதாரச் செவிலியர் உண்டு; கேள்வித்தாள் உண்டு; மருந்து உண்டு; பேசித் தீர்க்கும் சிகிச்சை உண்டு. இவ்வளவும் பரிவின் பயனே. ஐயமில்லை.

ஆனால் அப்பரிவு எதைப் பார்த்துத் தன் வேலையைத் தொடங்குகிறது? பெரிதும் முகத்தைப் பார்த்தே. அதற்கு ஆழ்ந்த ஒரு கல்விப் பின்னணியும் இருக்கிறது. தாயின் முகமே குழந்தை தன்னைக் காணும் கண்ணாடி என்று ஆங்கிலக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் 1967-இல் எழுதினார். எட்வர்டு டிரானிக் என்ற அமெரிக்க அறிஞர் 1970-களில் ஒரு சோதனை செய்து காட்டினார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய், திடீரென முகத்தை அசைவின்றி வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, பின்பு கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பார்ப்பவர் நெஞ்சை உருக்கும் சோதனை அது. தாய்மை பற்றிய பயிற்சிகளில் இன்றும் அதன் படத்தைக் காட்டுகிறார்கள். ஆயினும் அதில் குழந்தையைக் கலக்கியது எது என்று நின்று யோசிக்க வேண்டும். முகம் அமைதியாக இருந்ததா, அல்லது பழகிய தாய் திடீரென்று வேறொருத்தியாகிவிட்டதா? பிறந்த நாள்முதல் அமைதியான முகத்தையும், ஆடி அசைந்து தாங்கும் மடியையும், ஒரே தாளத்தில் முணுமுணுக்கும் குரலையும் அறிந்துவந்த குழந்தைக்கு அந்த அமைதியே அன்னையின் அடையாளமாக ஆகிவிடாதா? நமக்கு அவ்வாறே தோன்றுகிறது.

கேள்வித்தாளின் கதையும் இதுபோன்றதே. எடின்பரோ அளவுகோல் என வழங்கும் 10 கேள்விகள் கொண்ட தாள் 1987-இல் வெளியாயிற்று. கடந்த 7 நாட்களில் தாயின் மனம் எப்படி இருந்தது என்பதைக் கேட்டு 30-க்கு மதிப்பெண் இடுவது அது. எத்தனையோ தாய்மாரின் உயிரைக் காத்த எளிய கருவி என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் தன் துயரத்திற்குப் பெயர் தெரியாதவள் அதை என்ன சொல்லி நிரப்புவாள்? காரியங்கள் தலைக்குமேல் ஏறிவிட்டன என்ற பொருளில் வழங்கும் ஆங்கில மரபுத்தொடர் ஒன்று அத்தாளில் வருகிறது. சொன்னதைச் சொன்னவாறே கொள்பவள் அங்கு ஒரு கணம் தயங்கி நின்றால், அத்தயக்கத்திற்கும் யாரேனும் ஒரு பொருள் கற்பித்துக்கொள்வர். அண்மைக் காலத்தில் சிரிக்க முடிந்ததா என்பது முதற்கேள்வி. எப்போதுமே பிறருக்காகச் சிரித்துப் பழகியவள், முடிந்தது என்றுதான் குறியிடுவாள். அவள் பொய் சொல்லவில்லை.

இங்கேதான் ஒரே தவறு இரண்டு திசைகளில் உயிரைத் தொடுவதைக் காண்கிறோம். முகத்தில் மலர்ச்சியில்லை என்பதனால் நலமாயிருக்கும் தாயொருத்தி நோயாளி எனக் குறிக்கப்படுகிறாள். அன்பற்றவள் எனவும் ஐயுறப்படுகிறாள். முகத்தில் மலர்ச்சி இருக்கிறது என்பதனால், உள்ளே இருண்டுகிடக்கும் மற்றொருத்தி நலமாயிருப்பவளாகக் கருதி வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். முன்னவளுக்கு மானம் போகிறது. பின்னவளுக்கு உயிரே போகக்கூடும். பிரிட்டனில் பேற்றுக்குப்பின் ஆறு வாரம் முதல் ஓராண்டு வரையிலான காலத்தில், மகப்பேற்றோடு நேர்த்தொடர்புடைய தாய்ச் சாவுகளுக்குத் தலையாய காரணம் தற்கொலையே என்று அந்நாட்டின் விசாரணை அறிக்கைகள் ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகின்றன. பொதுவாகவே ஆட்டிசம் உடையோரிடம் தற்கொலை எண்ணம் மிகுதி என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், செவிலியின் கேள்விக்கு 'நன்றாக இருக்கிறேன்' என்று புன்னகையோடு விடையளிக்கும் தாயைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்பது விளங்கும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்பதே முறை. செவிலிக்கு என்ன மந்திரமா தெரியும்? ஒரு நாளில் பல வீடுகள் ஏறி இறங்குகிறார். பேற்றுக்குப்பின் நேரும் கடும் மனப்பிறழ்ச்சி ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் நிகழ்வது. வந்துவிட்டால் மணிக்கணக்கில் முற்றுவது. அப்போது தாயின் பார்வையிலும் நடையிலும் பேச்சிலும் தெரியும் மாற்றத்தைக் கவனியாதிருந்தால் இரண்டு உயிர்களுக்கு ஆபத்து. வாய்பேசாச் சிசுவுக்காகப் பேச ஒருவர் வேண்டும். அவர் ஐயப்படவும் வேண்டும். இவ்வாதத்தை நாம் தள்ளவில்லை. முகத்தைப் பார்க்காதீர் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்ததை அவளிடமே கேட்டுத் தெளியாமல், பார்த்தவாறே ஏட்டில் எழுதிவிடுவதைத்தான் தவறு என்கிறோம். மாற்றத்தைக் கவனிக்க வேண்டுமாயின், அவளுடைய இயல்பு எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? பத்தாண்டுகளாகக் கண்ணை ஏறிட்டுப் பாராதவள் இன்றும் பாராதிருப்பது மாற்றமே அன்று.

ஆய்வொன்றின் செய்தியை இங்கு சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான அவ்வாய்வில் ஆட்டிசம் உடைய தாய்மார் 355 பேரும், அஃதில்லாத தாய்மார் 132 பேரும் விடையளித்தனர். கேள்விகளை ஆக்குவதில் ஆட்டிசம் உடைய தாய்மாரின் ஆலோசனையையும் பெற்றிருந்தனர் என்பது அதன் சிறப்பு. பேற்றுக்கு முன்னும் பின்னும் மனச்சோர்வுக்கு ஆளானதாகச் சொன்னவர் ஆட்டிசம் உடையோரிடையே அதிகம். மருத்துவரும் பிற அலுவலரும் தம்மைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர் என்றனர். எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்று தெரியவில்லை என்றனர். அச்சம் மிகும்போது நாவே எழாது போவதுண்டு என்றனர். தம் வளர்ப்பைப் பிறர் எடைபோடுகின்றனரே என்று அஞ்சி, துணைகேட்கவும் துணியாது தனித்திருந்தனர். இத்தனைக்கும் நடுவே, பிள்ளையின் தேவையைத் தம் தேவைக்கு முன்வைப்பதில் அவர்கள் குறைந்துபோகவில்லை என்பதும் அதே ஆய்வு கண்ட முடிவு. இந்தக் கடைசிச் செய்தி ஏட்டில் ஏறிய அந்த ஒரு வரிக்கு விடை.

நாவெழாமை என்றோமே, அதன் பின்னணியில் ஓர் அச்சம் இருக்கிறது. அந்நாட்டில் குழந்தைக்கு ஆபத்து என்று கருதினால் சமூகநலத்துறை தலையிடும். நீதிமன்ற ஆணை பெற்றுக் குழந்தையை எடுத்துச் செல்லவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தேவையான சட்டம்தான். ஆனால் 'எனக்கு ஆட்டிசம் இருக்கிறது' என்று சொன்னால் அச்சட்டத்தின் நிழல் தன் வாசலில் விழுமோ என்று தாய் நடுங்குகிறாள். சொல்லாவிட்டால் உதவி கிடையாது; சொன்னால் பிள்ளை மடியில் நிற்குமோ நிற்காதோ. சிலர் சொல்லத் துணிந்து, பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்ற பதிலைப் பெறுகின்றனர். சிலருக்கு ஆட்டிசம் என்னும் பெயர் கிடைப்பதற்கு முன்பு வேறு பெயர்கள் கிடைத்துவிடுகின்றன: நிலையற்ற ஆளுமை, அடம், ஒத்துழையாமை. உதவி கேட்டு நிற்பவரை உதவிக்கு அஞ்சும்படி செய்துவிட்ட பரிவை என்ன பெயரிட்டு அழைப்பது?

பரிவுக்கே உரிய இந்த இடறலை ஆராய்ந்தவர்களுள் டேமியன் மில்டன் என்ற சமூகவியலறிஞர் குறிப்பிடத்தக்கவர். அவரும் ஆட்டிசம் உடையவரே. ஆட்டிசம் உடையவருக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2012-இல் அவர் ஒரு வினாவைத் திருப்பிப் போட்டார். அவர்களின் மனம் பிறருக்குப் புரிகிறதா? புரியவில்லையே. ஆகவே குறை ஒருவரிடத்தில் இல்லை; இருவருக்கும் இடையில் இருக்கிறது என்றார். இரண்டு மொழிக்காரர் சந்தித்து ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காதபோது, சிறுபான்மை மொழிக்காரனை மட்டும் ஊமை என்று சொல்வது போன்றது பழைய வழக்கு.

வெளியே தெரிவதை ளாஹிர் என்றும் உள்ளே உறைவதை பாத்தின் என்றும் பகுத்துப் பேசிப் பழகிய சமுதாயத்தினர் நாம். நிய்யத் நெஞ்சில் இருப்பது என்பது நம் பிள்ளைகளுக்கும் பாடம். இருந்தும், தாயன்பு என்று வந்துவிட்டால் அதைக் கண்ணால் கண்டே தீரவேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம்? கொஞ்சுதலும் முத்தமும் கண்ணீரும் அன்பின் வழக்கமான உடைகள். உடையில்லாது நிற்கும் அன்பை நாம் அடையாளம் கண்டுகொள்வதில்லை. பால்கொடுத்தலை எடுத்துக்கொள்வோம். தொடுகை மிகையாக உறைக்கும் உடம்புக்கு அது நெருப்பை மார்பில் வைத்ததுபோல் இருப்பதாகத் தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு நல்லது என்று படித்தறிந்திருப்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் கொடுத்தவர்கள் அவர்களுள் உண்டு. கொடுக்கும்போது முகம் சுளித்திருக்கும். பார்ப்பவர் சுளிப்பைக் காண்கிறார். இனிக்கும்போது கொடுப்பதைவிட எரியும்போது கொடுப்பதில் அன்பு குறைவா, கூடுதலா?

செய்யத்தக்கவை மலையைப் பெயர்ப்பன அல்ல. தொடுமுன் கேட்பது. விளக்கைத் தணிப்பது. நாளை யார் வருவார், எப்போது வருவார், என்ன செய்வார் என்று எழுதிக் கொடுப்பது. தொலைபேசியில் பேசத் திணறுபவளுக்குக் கடிதம் அனுப்புவது. கூடியமட்டும் ஒரே மருத்துவச்சி தொடர்ந்து வருவது. மாதம் ஒரு புதுமுகம் வந்து அதே கேள்விகளை மறுபடி கேட்பது அவளுக்குச் சித்திரவதை. தாய்-சேய்ப் பிரிவிலேயே பல குழந்தைகளின் அழுகையும், இரவில் கதவைத் திறந்து பார்த்துச் செல்லும் ஊழியரின் காலடியும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. நோயாற்றும் இடமே நோவாகிறது. ஒரு மூலையறையை ஒதுக்கித் தருவது பெருஞ்செலவன்று. வட்டமாக அமர்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டங்களுக்கு வராதவளை ஒத்துழையாதவள் என்று எழுதாமல், தனியே அமர்ந்து எழுத்தில் பேசலாமா என்று கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வியைக் கேட்டபின் காத்திருப்பது. விடை வர அரை நிமிடம் ஆகலாம். அந்த அரை நிமிடத்தில் நாம் பொறுமையிழந்து அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2009-இல் இங்கிலாந்தில் ஆட்டிசத்திற்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2010-இன் சமத்துவச் சட்டம், ஊனமுற்றோருக்கு வேண்டிய நியாயமான மாற்றங்களைச் செய்துதரும் கடமையைப் பொது நிறுவனங்கள்மீது சுமத்திற்று. சுகாதாரப் பணியாளர் ஆட்டிசம் குறித்துப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 2022-இன் சட்டத்தால் கட்டாயமாயிற்று. பிரிஸ்டல் மருத்துவமனையில் 2016-இல் 18 வயதில் இறந்த ஆலிவர் மெக்கோவன் என்ற இளைஞரின் தாய் ஓயாது போராடியதன் பயன் அப்பயிற்சி. அது அவ்விளைஞரின் பெயராலேயே வழங்குகிறது. சட்டம் வாசல்வரை வரும். கட்டிலருகே வரவேண்டியது மனிதர்.

தொலைநாட்டுக் கதை என்று இதை மடித்துவைத்துவிடத் தோன்றலாம். நம் வீடுகளில் பிள்ளைபெற்றவள் நாற்பது நாள் தாய்வீட்டில் இருக்கிறாள். அங்கு கேள்வித்தாளும் செவிலியும் இல்லாதிருக்கலாம். ஆனால் முகத்தை வாசிப்பவர்க்குக் குறைவில்லை. மாமி வருகிறார், லாத்தா வருகிறார், தெருப்பெண்கள் ஒவ்வொருவராக வந்து குழந்தையைக் கையில் வாங்கி, தாயின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, பேசிச் சிரித்துப் போகிறார்கள். அறைக்குள் சாம்பிராணிப் புகை. கூடத்தில் ஓயாத பேச்சு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவளைப் பார்த்து, பெற்ற பிள்ளையைக்கூட ஏறெடுத்துப் பாராத கல்நெஞ்சு என்று வாசற்படி இறங்கும்போது ஒரு சொல் விழுகிறது. அவளுக்கு அது கேட்கிறது. அவளைப்போன்றவர்களுக்குக் காது மிகக் கூர்மை. அவள் உம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தி, புகைச்சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாரானால், மேலே நாம் நீட்டி எழுதியதெல்லாம் அவருக்கு எவரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது என்று பொருள்.

ஆங்கில நகரத்தில் நாம் விட்டுவந்த தாயிடம் திரும்புவோம். அவள் கட்டிலருகே இழுப்பறை ஒன்று இருக்கிறது. அதில் கோடிட்ட குறிப்பேடு. பிள்ளை பிறந்த இரவுமுதல் ஒவ்வொரு முறை பால் குடித்த நேரம், குடித்த நிமிடம், நனைந்த துணிகளின் எண்ணிக்கை, உறங்கிய நேரம் அத்தனையும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அழுகையை அவள் ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இட்டிருக்கிறாள்; மூன்றாம் குறி வயிற்றுவலிக்கு. ஒன்பதாம் நாள் விடியற்காலை 4 மணிக்கு எழுதிய வரியில், மூச்சின் ஒலி நேற்றுப்போல் இல்லை என்று இருக்கிறது. அன்று காலையில் வந்த செவிலியிடம் அவள் அதைத்தான் சொல்ல முயன்றாள். செவிலி அவள் முகத்தைப் பார்த்தார். பின்பு, நீங்கள் சற்று ஓய்வெடுக்க வேண்டும் என்றார். குறிப்பேட்டைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.